யார் கொடுத்த திருநீறு

சேனாதிபதி என்று பேரை வைத்துவிட்டு ரப்பர் குழாய் சுமக்க அனுப்பிவிட்டார்கள். கன்னிவாடியில் அவருடைய அப்பா ஆசை ஆசையாய் வைத்த பேர் அது. மகன் பெரிய படையை நடத்துவான் என்று நினைத்தாரோ என்னவோ, மகன் காக்கிச் சட்டை போட்டு, சிவப்பு வண்டியின் பக்கப்படியில் தொற்றிக்கொண்டு பித்தளை மணியடிக்கிற உத்தியோகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். தீயணைப்பு வண்டியில் மணியடிக்கிறவனுக்கு இரண்டு வேலை. போகிற வழியெல்லாம் மணிக் கயிற்றை இழுத்து ஜனங்களை விலக்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் முதல் ஆளாய்க் குதித்துக் குழாயை உருட்டிக்கொண்டு ஓட வேண்டும். இரண்டையும் அவர் நன்றாகவே செய்தார்.

தீயை அணைப்பதில் அவருக்கு ஒருநாளும் சலிப்பு வந்ததில்லை. அணைத்த பிறகு அதைப் பற்றிப் பேசுவதில்தான் வந்தது. மேலதிகாரிக்கு ஒரு தடவை, போலீசுக்கு ஒரு தடவை, தாசில்தார் ஆபீசுக்கு ஒரு தடவை சொல்லியாக வேண்டும். டீக்கடையில் கேட்கிறவனுக்கு எத்தனை தடவை சொன்னாலும் போதாது. கடைசியாய்ப் பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். கை வெந்து, கண் எரிந்து, எங்காவது சாய்ந்தால் போதும் என்று இருக்கிற நேரம் பார்த்து, "அப்போ உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்பார்கள். எப்படி இருக்கும்? அதைக் கேட்கிற ஆளை ஒரு தடவையாவது குழாயைப் பிடிக்க வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் பழனியில் பங்குனி உத்திரம். கூட்டம் வருகிற திருவிழா என்பதால் ஒரு வண்டியைக் கொண்டுவந்து, ஊர் ஓரத்தில் தற்காலிகமாகக் கொட்டகை போட்டு நிறுத்தியிருந்தார்கள். வண்டி ஓட்டுநர் ஜலீல் பாய். வயதில் மூத்தவர், வாயில் வெற்றிலை இல்லாமல் ஸ்டீயரிங்கைத் தொடமாட்டார். திருவிழா வேலை தொடங்குகிற அன்று வண்டிக்குப் பூசை போடுவது அந்த ஆட்களின் வழக்கம். பூவும் மாலையும் வருஷா வருஷம் ஜலீல் பாயின் செலவு. முன்பக்கம் இரண்டு பக்கமும் வாழை கட்டி, மாவிலைத் தோரணம் தொங்கவிட்டு, கண்ணாடிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, நடுவில் முருகன் படம் ஒன்றையும் கட்டுவார்கள். மலைக்கு ஆள் அனுப்பி வாங்கிவந்த திருநீறு ஒரு தட்டு நிறையப் பக்கப்படியை ஒட்டி இருக்கும்.

பூசை முடிந்த மறுநாள் ஜலீல் பாய் கேட்டார். "தம்பி, இந்த வாழையெல்லாம் கழட்டிருவமா? கண்ண மறைக்குது."

"தேர் நிலைக்கு வர்ற வரைக்கும் இருக்கட்டும் பாய். பாக்க லெச்சணமா இருக்கு," என்றார் சேனாதிபதி.

லட்சணமாகத்தான் இருந்தது, யார் இல்லை என்றது? அதுதான் வினையாய்ப் போயிற்று.

அன்று வெயில் இறங்குகிற நேரம். சண்முகநதிக்குப் போகிற சாலையில் காவடிக்காரர்கள் தங்குவதற்குத் தென்னங்கிடுகு வேய்ந்த கொட்டகைகள் வரிசையாய் இருந்தன. யாரோ மூட்டிய அடுப்பிலிருந்து பொறி பறந்து கிடுகில் விழுந்துவிட்டது. காற்றும் அடித்தது. ஆள் ஓடிவந்து சொன்ன உடனே வண்டி கிளம்பிவிட்டது. நிலைய அதிகாரி திருமலைச்சாமி திருவிழா ஏற்பாட்டுக் கூட்டத்துக்காக அடிவாரத்துக்குப் போயிருந்தார், அவருக்காகக்கூட அவர்கள் காத்திருக்கவில்லை. ஜலீல் பாய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வண்டியை எடுத்தார். சேனாதிபதி படியில் நின்று மணிக் கயிற்றை இழுத்தார்.

தெருவில் ஜனங்கள் சாமி ஊர்வலத்துக்காகக் காத்து நின்றார்கள். மத்தியானத்திலிருந்து நின்று கால் கடுத்துப்போன கூட்டம். மணிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், வாழை கட்டி, மாலை போட்டு, முருகன் படத்தோடு செக்கச்செவேல் என்று ஒன்று வருகிறது. பார்த்தவர்களுக்கு வேறென்ன தோன்றும்? விலக வேண்டிய ஜனம் கையைக் கூப்பிக்கொண்டு நடுத்தெருவுக்கு வந்துவிட்டது. "அரோகரா" என்று ஒரு குரல் எழும்பியது, தெருவே அதைப் பிடித்துக்கொண்டது. "இந்த வருசம் சாமி மோட்டார்ல வருதுடீ" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது சேனாதிபதியின் காதிலேயே விழுந்தது. சக்கரத்துக்கு முன்னால் சூடம் ஏற்றினார்கள், விடலைத் தேங்காய் உடைத்தார்கள்.

அவர் மணியை இன்னும் வேகமாய் அடித்தார். அடிக்க அடிக்கக் கூட்டம் நெருங்கியது. "தீ பிடிச்சிருச்சு, தள்ளுங்க" என்று தொண்டை கிழியக் கத்தினார். அரோகராச் சத்தத்தில் அது யார் காதிலும் ஏறவில்லை.

வண்டியை மறித்துக்கொண்டு, படியிலிருந்து கைக்கெட்டுகிற இடத்தில் ஒரு மலைக்காட்டுப் பெண் நின்றாள். தோளில் கம்பளி, ஒரு கையில் சூடத் தட்டு. அசையமாட்டேன் என்று நின்றாள். சேனாதிபதி படியிலிருந்து குனிந்து அவள் தோளைப் பிடித்துத் தள்ளப் பார்த்தார். அவள் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்து, மற்றக் கையை நீட்டினாள்.

"அண்ணே, திருநீறு. எங்க வீட்டுக்காரரு காவடி தூக்கி வந்து, கால் வெடிச்சு, கொட்டகையில படுத்துக் கெடக்காரு. அவருக்கும் சேத்துக் குடுங்க."

அவருக்கு அந்த நேரத்தில் தோன்றியது ஒன்றுதான். கொடுத்தால் விலகுவாள். தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளி அவள் கையில் போட்டார். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு விலகியும் விட்டாள். ஆனால் அவளுக்குக் கொடுத்ததைக் கண்டவர்கள் சும்மா இருப்பார்களா? படியைச் சுற்றிலும் கைகள் நீண்டன. குழந்தையைத் தூக்கிக் காட்டி நெற்றியில் பூசச் சொன்னாள் ஒருத்தி. கடைசியில் சேனாதிபதி வாழையைப் பிடுங்கி எறிந்து, மாலையை அறுத்து, முருகன் படத்தைக் கழற்றி உள்ளே வைத்த பிறகுதான் ஜனங்களுக்கு விஷயம் உறைத்தது. அப்போது கொட்டகைப் பக்கம் புகை மேலே எழும்பியிருந்தது.

போய்ச் சேர்ந்தபோது கிடுகெல்லாம் சரிந்துவிட்டது. பெரும்பாலோர் ஓடித் தப்பித்திருந்தார்கள். ஓட முடியாதவர்கள் இரண்டு பேர். கண் தெரியாத ஒரு கிழவர், கால் புண்ணாய்ப் படுத்திருந்த ஒரு காவடிக்காரர். இரண்டாமவரைச் சேனாதிபதிதான் இழுத்து வெளியே போட்டார். இரண்டு பேருக்குமே உயிர் இல்லை. காவடிக்காரர் பெயர் செல்லப்பாண்டி, ஊர் கொடைக்கானலுக்குப் பக்கத்தில் பேத்துப்பாறை. முந்தின வருஷம் ஊரில் பரவிய காய்ச்சலில் பிழைத்ததற்காக நேர்ந்துகொண்டு, மலையிலிருந்து காவடியோடு நடந்தே இறங்கி வந்தவர்.

கொஞ்ச நேரத்தில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அந்தப் பெண் வந்தாள். குப்பம்மாள் என்று யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் அழவில்லை. மூடியிருந்த கையைத் திறந்தாள். சேனாதிபதி போட்ட திருநீறு வியர்வையில் நனைந்து அப்படியே இருந்தது. அதைப் புருஷன் நெற்றியில் பூசினாள், மார்பிலும் பூசினாள். பிறகு நிமிர்ந்து சேனாதிபதியைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்கமாட்டாமல் அவர் போய்க் குழாயைச் சுருட்ட ஆரம்பித்தார்.

மறுநாள் வெள்ளனே பத்திரிகைக்காரர்கள் வந்துவிட்டார்கள். அதற்கு முன்னாலேயே திருமலைச்சாமி ஆட்களைக் கூப்பிட்டு நிறுத்தினார். "இங்க பாருங்கப்பா, ஜனங்க வழி விடல. அதான் நடந்தது, அதையே சொல்லுங்க. நம்ம மேல தப்பு இல்ல," என்றார். பாவம், அவர் சொன்னதும் பொய்யில்லை.

மதுரையிலிருந்து வந்தவர் பழனிமுத்து. மெலிந்த ஆள், எப்போதும் இருமிக்கொண்டிருப்பார். கூடவே ஒரு படக்காரரும் வந்திருந்தார். பழனிமுத்து மற்றவர்களை விட்டுவிட்டு நேரே சேனாதிபதியிடம் வந்தார். வண்டிக் கொட்டகையின் நிழலில், ஒரு தண்ணீர் வாளியைக் கவிழ்த்துப்போட்டுச் சேனாதிபதி உட்கார்ந்திருந்தார். புருவம் பொசுங்கியிருந்தது. விடிய விடிய கண் மூடவில்லை.

"வண்டியச் சாமின்னு நெனச்சு ஜனங்க கும்புட்டாங்களாமே, நெசமா?" என்றார் பழனிமுத்து.

சேனாதிபதி பொசுங்கிய புருவத்தைத் தடவிக்கொண்டார்.

"ஒரு பொம்பள முன்னால நின்னு மறிச்சுத் திருநீறு வாங்குச்சாம். அவ புருசனே செத்துப் போயிட்டானாம். தெருவுல விசாரிச்சேன், ஒருத்தரும் வாயத் தெறக்க மாட்டேங்கிறாங்க. நேத்துச் சூடம் கொளுத்துன ஆயிரம் பேர்ல இன்னைக்கு ஒருத்தன்கூட கொளுத்தலயாம். வண்டியில நின்ன நீங்க ஆமான்னு சொன்னாப் போதும். இது மெட்ராஸ் வரைக்கும் போகும்ணே."

மெட்ராஸ் வரைக்கும் போகும் என்பதில் சேனாதிபதிக்கும் சந்தேகமில்லை. அவருக்கு அது எப்படிப் போகும் என்பதும் தெரிந்தது. தீயணைப்பு வண்டிக்குச் சூடம் காட்டிய ஊர் என்று ஊர் ஊராகச் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் புருஷனைக் கொன்ற முட்டாள் பொம்பளை என்பார்கள். பேத்துப்பாறையில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவனாவது இருப்பான். அவன் வாசித்துக் காட்டுவான். அவள் இனி அந்த ஊரில் தண்ணீர் எடுக்கப் போக வேண்டும், கூலிக்குப் போக வேண்டும். திருநீற்றை நெற்றியில் பூசிவிட்டு நிமிர்ந்த அந்த முகம் அவர் கண்ணை விட்டுப் போகவில்லை. வாழையைக் கழற்ற வேண்டாம் என்றது யார்? ஒரு பிடி அள்ளிக் கொடுத்து நூறு கையை நீட்ட வைத்தது யார்? அவருக்கு அழுகை வந்தது. அழுவதற்குக்கூடத் தெம்பில்லை.

"அதெல்லாம் சும்மா கட்டிவிட்ட கதைங்க," என்றார். "அப்படி ஒண்ணும் நடக்கல. நான் காவடி பாக்கப் போயிட்டேன். மணியடிக்கிற ஆள் இல்லாம வண்டி எடுக்கப்பிடாது. எனக்காக ரொம்ப நேரம் காத்துப் பாத்துட்டுத்தான் கெளம்புனாங்க. அதான் லேட்டு."

"அப்போ நீங்க வண்டியில நின்னு திருநீறு குடுக்கலயா?"

"நான் வண்டியிலயே இல்ல. பாதி வழியில ஓடிவந்து ஏறுனேன்."

பழனிமுத்து அவரை வெகு நேரம் பார்த்தார். நம்பினாரோ இல்லையோ, எழுதிக்கொண்டார். படக்காரர் படம் எடுத்தார்.

அவர்கள் போன பிறகு ஜலீல் பாய் பக்கத்தில் வந்து குந்தினார். "என்ன தம்பி, தலையில மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டே?"

"அந்தப் பொம்பள ஊருக்குத் திரும்பிப் போவணும் பாய்."

"ஒனக்கும் வீடு வாசல் இருக்குல்ல?"

"இருக்கு. நான் ஆம்பள, எப்பிடியோ சமாளிச்சுருவேன். நீங்க வாயத் தெறக்காம இருந்தாப் போதும்."

ஜலீல் பாய் எழுந்து போய் வெற்றிலை போட்டுக்கொண்டார். தன் காலம் முடியும் மட்டும் அவர் அதைப் பற்றி ஒருவரிடமும் பேசவில்லை. வண்டியில் இருந்த மற்றவர்களும் பேசவில்லை. திருமலைச்சாமிக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு யோசித்துப் பார்த்தார். திருவிழாக் கூட்டத்தோடு மல்லுக்கட்டுவதைவிட ஒரு ஆளின் தப்பு என்று முடித்துவிடுவது எல்லோருக்கும் சுலபம். விசாரணை நடந்தது, சேனாதிபதியைக் கொடைக்கானலுக்குத் தூக்கி அடித்தார்கள். பத்திரிகையில் 'காவடி பார்க்கப் போன வீரர்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே அவர் படத்தையும் போட்டிருந்தார்கள். வாளி மேல் உட்கார்ந்திருக்கிற படம். பார்த்தால் பொறுப்பில்லாத சோம்பேறி என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அவர் மனைவி விசாலாட்சி சாமான்களைக் கட்டிக்கொண்டே கேட்டாள். "காவடி பாக்கவா போனீக?"

"ஆமா."

"கூட்டத்தக் கண்டாலே காத தூரம் ஓடுற ஆளு. ஒங்களுக்குப் பொய் சொல்லவே வராது. ஆனாலும் நல்லாத்தான் சாதிக்கிறீக," என்றாள். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்காக அவர் சாகும்வரை அவளிடம் நன்றியோடு இருந்தார்.

கொடைக்கானலில் தீயை விடக் குளிர்தான் பெரிய எதிரி. பங்களாக்களில் புகைபோக்கி பற்றிக்கொள்ளும், கோடையில் புல்மேட்டில் தீ ஓடும், மேல்மலைப் போளூர்ப் பக்கம் யாராவது சருகைக் கொளுத்திவிட்டுக் காட்டுக்கே தீ வைத்துவிடுவார்கள். சேனாதிபதி எல்லாவற்றுக்கும் போனார். வேலையில் ஒரு குறையும் யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவருக்கு முன்னாலேயே அவருடைய பேர் மலையேறி வந்துவிட்டது. பஜாரில் அவருக்குப் பட்டப்பேர் 'காவடி'. "ஏலே, காவடி வந்திருச்சு, இனி தீ தானா அணைஞ்சிரும்" என்பான் ஒருவன். அவர் சிரித்துக்கொள்வார். வருஷம் போகப் போகச் சிரிப்பும் நின்றது. பங்குனி வந்தால் மட்டும் உடம்பு சரியில்லை என்று ஒருநாள் படுத்துவிடுவார்.

பேத்துப்பாறை அங்கிருந்து ஒன்றும் வெகு தூரமில்லை. ஒருதடவை அந்த ஊர்ப் பக்கம் தீ என்று போனார்கள். வண்டியை விட்டு இறங்கியதிலிருந்து தலையைக் குனிந்துகொண்டே வேலை பார்த்துவிட்டுத் திரும்பினார்.

அறுபத்தேழில், சீசன் தொடங்கும் முன், பஜாரில் பலகைக் கடை வரிசையில் தீப் பிடித்துக்கொண்டது. கம்பளிக் கடை யாகூப் ராவுத்தர் கடைதான் நடுவில். வெள்ளிக்கிழமை தொழுகைக்காகக் கடையைச் சாத்திவிட்டுப் போயிருந்தார். சேனாதிபதி ஓய்வு பெறுகிற வயதை நெருங்கிக்கொண்டிருந்தார், ஆனால் அன்று அவரைப் பார்த்தால் யாரும் அப்படிச் சொல்ல முடியாது. இரண்டு தடவை உள்ளே போய், மாடியில் சிக்கிக்கொண்ட ஒரு குடும்பத்தையே இறக்கினார். ஜனங்களும் சும்மா நிற்கவில்லை. காய்கறி சுமக்க வந்த கூலிப் பெண்கள் வரிசையாய் நின்று, ஏரித் தண்ணீரைக் குடம் குடமாய்க் கை மாற்றிக் கொடுத்தார்கள். தீ அணைந்தபோது ஒருவர் உயிரும் போகவில்லை. சேனாதிபதி ஒரு கடைப் பலகையில் போய் விழுந்தார். யாரோ டீ கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள்.

அப்போதுதான் பழனிமுத்து வந்தார். வேறு சோலியாகக் கொடைக்கானலுக்கு வந்திருந்தவர் தீ என்றதும் ஓடிவந்திருக்கிறார். தலை நரைத்துவிட்டது, இருமல் மட்டும் அப்படியே இருந்தது. சேனாதிபதியை உற்றுப் பார்த்தார்.

"நீங்கதானே அன்னைக்குப் பழனியில காவடி பாக்கப் போனவரு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கேலியாய்ச் சிரிக்கவில்லை, பழக்கதோஷம்.

"ஆமா சார். நான்தான்," என்றார் சேனாதிபதி. "வண்டியில நான் இல்ல. அதான் ரெண்டு பேர் செத்தாங்க. இப்ப இதப் பத்திக் கேளுங்க, வெரசாச் சொல்லிட்டுப் போய்ப் படுக்கணும்."

குடம் கொடுத்த பெண்களில் ஒருத்தி கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள். சேலை முழுக்க நனைந்திருந்தது. தலை பாதி நரைத்த குப்பம்மாள். சேனாதிபதி அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"என்ன சொன்னீக?" என்றாள்.

"ஒண்ணுமில்ல தாயி. நீ போ."

"வண்டியில நான் இல்லன்னு சொன்னீகளா?"

"ஆமா. நான் அன்னைக்குக் காவடி பாக்கப் போயிருந்தேன்."

குப்பம்மாள் பழனிமுத்து பக்கம் திரும்பினாள். "அய்யா, பேப்பருக்கு எழுதுறவுகளா? எழுதிக்கிடுங்க. வண்டிய மறிச்சது நான். செத்தது எம் புருசன். இது எங்க ஊருல எல்லாருக்கும் தெரியும், நானேதான் சொன்னேன். சொல்லாம எப்பிடி இருக்கிறது? ஒரு வருசம் சோறு எறங்கல. அப்புறம் எறங்குச்சு."

யாரும் சிரிக்கவில்லை. அவள் சிரிப்புக்கு ஆளாகிவிடக் கூடாது என்றுதான் இத்தனை வருஷம் சேனாதிபதி 'காவடி' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தார். அவளோ வாசலில் நின்று ஊருக்கே சொல்லிவிட்டு வாழ்ந்துகொண்டிருந்திருக்கிறாள்.

"வேண்டாம் தாயி," என்றார். "ஆள் மாறிச் சொல்றே. நான் வண்டியில இல்ல."

குப்பம்மாள் அவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அப்பிடிச் சொல்லாதீக அண்ணே. தண்ணி ஊத்தி அவர அனுப்பக்கூட எனக்குக் கையில ஒண்ணுமில்ல. அந்த ஒரு பிடி திருநீறுதான் பூசி அனுப்புனேன். சாமி வண்டி இல்லாட்டியும் சாமி திருநீறு, ஒரு மனுசன் எம் முகத்தப் பாத்துக் குடுத்ததுன்னு நெனச்சுத்தான் நான் சோறு திங்கிறேன். நீங்க வண்டியிலயே இல்லன்னா, எம் புருசன் நெத்தியில நான் பூசுனது யாரு குடுத்த திருநீறு?"

அவள் கையை நீட்டினாள், அன்று நீட்டிய அதே மாதிரி. சேனாதிபதி அந்தக் கையைப் பார்த்தார். டீக் குவளையைப் பலகையில் வைத்தார்.

"நான் குடுத்ததுதான் தாயி," என்றார். "வண்டிக்குப் பூசை போட்ட திருநீறு. மலை மேல இருந்து வந்தது. நான்தான் எங் கையால அள்ளிப் போட்டேன்."

"அவருக்கும் சேத்தா?"

"அவருக்கும் சேத்து."

அவள் தலையாட்டிவிட்டுப் பலகையில் ஒரு ஓரமாக உட்கார்ந்தாள். சேனாதிபதி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். பழனிமுத்து அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. சேனாதிபதியும் குப்பம்மாளும் புகைகிற பலகைகளைப் பார்த்துக்கொண்டு, நனைந்த துணியோடு உட்கார்ந்திருந்தார்கள்.